யோம் கிப்பூர்: நோன்புக்கு முந்தைய நாளின் கடன் (வாசகர் கேள்வி – பதில்)

யூதர்களின் நோன்பு நாளான யோம் கிப்பூர் பற்றி வெவ்வேறு வாசகர்கள் அனுப்பியுள்ள கேள்விகள் ஒன்றையொன்று தொட்டுச் செல்வதால், இந்த இதழின் கேள்வி – பதில் பகுதி முழுவதையும் அந்த ஒரு பொருளுக்கே ஒதுக்கியிருக்கிறேன்.

கேள்வி: யோம் கிப்பூர் என்ற பெயருக்குப் பொருள் என்ன? அது ஒவ்வோர் ஆண்டும் ஏன் வேறு தேதியில் வருகிறது?

பதில்: எபிரேய மொழியில் 'யோம்' என்றால் நாள்; 'கிப்பூர்' என்றால் பாவநிவிர்த்தி. வேதத்தில் இப்பெயர் 'யோம் ஹாகிப்பூரிம்' என்று பன்மையில் வருகிறது. லேவியராகமத்தின் 16, 23ஆம் அதிகாரங்கள் இந்த நாளை ஏழாம் மாதத்தின் பத்தாம் தேதி என்று குறிக்கின்றன. அந்த மாதத்துக்கு இன்று திஷ்ரி என்று பெயர். அதன் முதல் நாளே யூதப் புத்தாண்டான ரோஷ் ஹஷானா. அன்று தொடங்கி யோம் கிப்பூர் வரையிலான பத்து நாள்களும் மனந்திரும்புதலின் நாள்கள் எனப்படுகின்றன.

யூத நாள்காட்டியில் மாதங்கள் நிலவைப் பின்பற்றுகின்றன. பருவங்கள் பின்தங்கிவிடாதபடி 19 ஆண்டுகளில் ஏழு முறை ஓர் அதிக மாதம் சேர்க்கப்படுகிறது. ஆகவே யோம் கிப்பூர் செப்டம்பர் நடுப்பகுதிக்கும் அக்டோபர் நடுப்பகுதிக்கும் இடையில் நகர்ந்துகொண்டே இருக்கும். 2025இல் அக்டோபர் 1ஆம் தேதி மாலையில் தொடங்கியது. 2026இல் செப்டம்பர் 20 மாலையில் தொடங்குகிறது. ஆனால் அது ஒருபோதும் வெள்ளிக்கிழமையிலோ ஞாயிற்றுக்கிழமையிலோ வராது. சனிக்கிழமை ஓய்வுநாள், அதை ஒட்டி இன்னொரு முழு ஓய்வுநாள் வந்தால் இரண்டு நாள் தொடர்ந்து சமைக்கவும் முடியாது, இறந்தவரை அடக்கம் செய்யவும் முடியாது என்பதால் நாள்காட்டியை அமைத்தவர்கள் முன்கூட்டியே கணக்கைத் திருத்திவைத்தார்கள். நடைமுறை அறிவு இல்லாமல் எந்தச் சமயமும் இரண்டாயிரம் ஆண்டு தாக்குப்பிடிப்பதில்லை.

கேள்வி: நோன்பின்போது தண்ணீர்கூடக் குடிக்கக் கூடாது என்கிறார்களே, உண்மையா? நோயாளிகளும் கர்ப்பிணிகளும் என்ன செய்வார்கள்?

பதில்: உண்மைதான். ஒரு மாலையில் சூரியன் மறைவதற்குச் சற்று முன்னர் தொடங்கி, மறுநாள் விண்மீன்கள் தெரியும்வரை, ஏறத்தாழ 25 மணி நேரம் உணவும் இல்லை, நீரும் இல்லை. சுவையான செய்தி ஒன்று: யூத வேதத்தின் முதல் ஐந்து நூல்களான தோராவில் 'உண்ணாதே' என்ற சொல்லே இந்த நாளைப் பற்றிய கட்டளையில் கிடையாது. 'உங்கள் ஆத்துமாக்களைத் தாழ்மைப்படுத்துங்கள்' என்பதே தமிழ் விவிலியத்தின் பழைய மொழிபெயர்ப்பில் நாம் காணும் தொடர். தாழ்மைப்படுத்துவது எப்படி என்று விளக்கும் வேலை யூதச் சமய அறிஞர்களான ரபிகளுக்கு விடப்பட்டது. கி.பி. 200ஐ ஒட்டித் தொகுக்கப்பட்ட மிஷ்னா என்ற சட்டத் தொகுப்பில் 'யோமா', அதாவது 'நாள்' என்ற பெயரிலேயே ஒரு நூல் இருக்கிறது. அது ஐந்து விலக்குகளைச் சொல்கிறது. உண்ணுதலும் பருகுதலும் முதலாவது. உடலைக் கழுவுதல், எண்ணெய் பூசுதல், தோல் செருப்பு அணிதல், தாம்பத்திய உறவு ஆகியவை மற்றவை. வெள்ளை அங்கியும் வழிபாட்டுச் சால்வையும் அணிந்து கம்பீரமாகத் தொழுகைக்கூடத்துக்குள் நுழைகிற பெரியவர் ஒருவர், காலில் மட்டும் துணிக் காலணியோ ரப்பர் செருப்போ போட்டிருப்பதைக் காணும்போது வெளியாருக்கு வியப்பாக இருக்கும். காரணம் இந்த மூன்றாம் நூற்றாண்டுக்கு முந்தைய விதிதான். பிற நோன்புகள் ஓய்வுநாளில் வந்தால் வேறு நாளுக்கு மாற்றப்படும். யோம் கிப்பூர் மட்டும் ஓய்வுநாளிலும் அப்படியே நிற்கும்.

நோயாளி பற்றிய விதிகளில்தான் இந்தச் சட்ட மரபின் குணம் வெளிப்படுகிறது என்பது என் கருத்து. நோயாளி உண்ண வேண்டும் என்று மருத்துவர் சொன்னால் உண்ண வேண்டும். அது சலுகையல்ல, கட்டளை. மருத்துவர் 'தேவையில்லை' என்று சொல்லி நோயாளி 'தேவை' என்று சொன்னால், நோயாளியின் சொல்லையே கேட்க வேண்டும் என்று, மிஷ்னாவின் மீதான ரபிகளின் விவாதத் தொகுப்பான தல்மூத் தீர்ப்பளிக்கிறது. அதற்கு அது காட்டும் சான்று நீதிமொழிகளில் உள்ள ஒரு வரி: இதயம் தன் கசப்பைத் தானே அறியும். உயிருக்கு ஆபத்து உண்டோ என்ற சந்தேகமே போதும், எல்லா விலக்குகளும் விலகிவிடும். நோய் கடுமையாக இல்லாதபோது, முழு உணவாகக் கொள்ளாமல் சுமார் 30 மில்லிலிட்டர் அளவு உணவை ஏறத்தாழ ஒன்பது நிமிட இடைவெளி விட்டு உட்கொள்ளும் வழியும் வகுக்கப்பட்டிருக்கிறது. ஒரு பெரிய பேரீச்சம்பழ அளவு உண்டால்தான் நோன்பை முறித்த குற்றம் என்ற மிஷ்னாவின் அளவுகோலே இதற்கு அடிப்படை. கர்ப்பிணிகள் பொதுவாக நோன்பிருப்பவர்கள்தாம்; ஆனால் மருத்துவர் தடுத்தாலோ அவர்களுக்கே தாங்கவில்லை என்றாலோ அவர்களும் இந்த வழியில் வந்துவிடுவார்கள். பெண்கள் 12 வயதிலும் ஆண்கள் 13 வயதிலும் இந்தக் கடமைக்கு உட்படுகிறார்கள். சிறு பிள்ளைகளைப் பட்டினி போடுவதற்கு அனுமதியில்லை.

1848இல் வில்னா நகரில் காலரா பரவியபோது ரபி இஸ்ரேல் சலாந்தர் மக்களை நோன்பிருக்க வேண்டாம் என்று சொன்னதாகவும், அவர்கள் தயங்கியதைக் கண்டு யோம் கிப்பூர் அன்று தொழுகைக்கூட மேடையிலேயே நின்று எல்லார் முன்னிலையிலும் தாமே உணவை வாயிலிட்டதாகவும் ஒரு கதை வழங்குகிறது. அதன் நுணுக்கங்கள் சொல்பவருக்குச் சொல்பவர் மாறுகின்றன. ஆனால் அந்தக் கதையை யூதர்கள் பெருமையோடுதான் சொல்கிறார்கள், வெட்கத்தோடு அல்ல.

நோன்புக்கு முந்தைய நாள் நன்றாக உண்பதும் கடமையே. ஒன்பதாம் நாளில் உண்டு பருகுபவர் ஒன்பதாம் நாளும் பத்தாம் நாளும் நோன்பிருந்தவருக்குச் சமம் என்கிறது தல்மூத். அனுபவசாலிகள் சில நாள்களுக்கு முன்பே காப்பியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துவிடுவார்கள். நோன்பு நாளின் தலைவலிக்குப் பசியைவிடக் காப்பி இல்லாமைதான் பெரிய காரணம் என்று அவர்களுக்குத் தெரியும்.

கேள்வி: 'பலிகடா' என்ற சொல் இந்த நாளிலிருந்துதான் பிறந்தது என்று படித்தேன். இன்றும் ஆடு பலியிடப்படுகிறதா?

பதில்: இன்று இல்லை. கி.பி. 70இல் உரோமர்கள் எருசலேம் ஆலயத்தை அழித்ததோடு பலிகள் நின்றுபோயின. அதற்கு முன் இந்த நாளின் நாயகர், ஆலயப் பூசாரிகளின் தலைவரான பிரதான ஆசாரியர் ஒருவரே. ஆண்டில் இந்த ஒரு நாளில் மட்டும், அவர் ஒருவர் மட்டும், ஆலயத்தின் மகா பரிசுத்த ஸ்தலத்துக்குள் நுழைவார்.

மிஷ்னா தரும் வருணனை ஒரு நாடகக் காட்சிபோல இருக்கும். நாளுக்கு ஏழு நாள் முன்னதாகவே அவரை வீட்டிலிருந்து பிரித்து ஆலய வளாகத்தில் தங்கவைப்பார்கள். அவருக்கு ஏதேனும் தீட்டு நேர்ந்துவிட்டால் என்ன செய்வது என்று மாற்று ஆசாரியர் ஒருவரையும் தயாராக வைப்பார்கள். அவர் 'தமக்காகவும் தம் வீட்டாருக்காகவும்' நிவிர்த்தி செய்ய வேண்டும் என்று வேதம் சொல்வதால், மனைவி இறந்துவிட்டால் என்னாவது என்று கவலைப்பட்ட ரபி யூதா, மாற்று மனைவி ஒருத்தியையும் ஏற்பாடு செய்ய வேண்டும் என்றார். 'அப்படிப் பார்த்தால் இதற்கு முடிவே இராது' என்று மற்ற அறிஞர்கள் அந்த வாதத்தை வெட்டிவிட்டார்கள். முந்தைய மாலையில் அவருக்கு அதிகம் உண்ணத் தரமாட்டார்கள். உணவு தூக்கத்தைக் கொண்டுவரும். இரவு முழுவதும் அவர் விழித்திருக்க வேண்டும். கற்றவர் என்றால் அவரே வேதத்தை விளக்குவார். கல்லாதவர் என்றால் மற்றவர்கள் அவர் முன் படிப்பார்கள். கண் சொருகினால் இளம் ஆசாரியர்கள் விரலைச் சொடுக்கி, எழுந்து குளிர்ந்த தரையில் நிற்கும்படி சொல்வார்கள். பிரதான ஆசாரியர் கல்லாதவராகவும் இருக்கக்கூடும் என்பதை மிஷ்னா ஒளிக்காமல் எழுதிவைத்திருப்பதை நான் மிகவும் மதிக்கிறேன்.

மறுநாள் அவர் ஐந்து முறை நீரில் முழுகி, பொன்னாடையிலிருந்து வெள்ளைச் சணல் ஆடைக்கும் மீண்டும் பொன்னாடைக்கும் மாறி மாறிப் பணி செய்வார். பாவ அறிக்கையில் அவர் முதலில் சொல்வது தம்முடைய பாவத்தையும் தம் வீட்டாருடைய பாவத்தையும். அடுத்து ஆசாரியர் குலத்தின் பாவத்தை. அதற்கும் பின்னர்தான் மக்களின் பாவத்தை. இரண்டு வெள்ளாட்டுக் கடாக்களுக்குச் சீட்டுப் போடப்படும். ஒன்று கர்த்தருக்கு, அது பலியாகும். மற்றது எபிரேயத்தில் 'அசாசேல்' என்று குறிக்கப்படுகிற இடத்துக்கோ ஆற்றலுக்கோ உரியது. இந்தச் சொல்லின் பொருளை அறிஞர்கள் இன்றும் விவாதித்துக்கொண்டிருக்க, பழைய தமிழ் மொழிபெயர்ப்பாளர்கள் 'போக்காடு' என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டார்கள், போக்கிவிடப்படும் ஆடு. மக்களின் பாவங்கள் அதன் தலைமேல் அறிக்கையிடப்பட்டு, அது வனாந்தரத்துக்கு ஓட்டிச் செல்லப்படும். மிஷ்னாவின் காலத்து வருணனைப்படி அது ஒரு மலைச்சரிவிலிருந்து தள்ளப்பட்டது. அது வனாந்தரத்தை அடைந்ததும் ஆலய வாசலில் கட்டியிருந்த செந்நூல் வெளுத்துவிடும் என்று ரபி இஸ்மவேல் சொல்கிறார். ஆக, வாசகர் குறிப்பிடும் 'பலிகடா' உண்மையில் பலியிடப்பட்ட கடா அல்ல. பிறர் குற்றத்தைச் சுமந்து வெளியேற்றப்பட்ட கடா. தமிழில் நாம் இரண்டையும் குழப்பிவிட்டோம்.

மகா பரிசுத்த ஸ்தலத்திலிருந்து வெளிவந்ததும் அவர் சொல்லும் மன்றாட்டு மிகச் சுருக்கமானது. உள்ளே அவருக்கு என்ன நேர்ந்ததோ என்று வெளியே நிற்கும் மக்கள் அஞ்சக் கூடாது என்பதே அந்தச் சுருக்கத்துக்குக் காரணமாம். இந்த நிகழ்ச்சிகள் அனைத்தையும் இன்றும் யோம் கிப்பூர் நண்பகல் தொழுகையில் கவிதையாக ஓதுகிறார்கள். அந்தந்த இடம் வரும்போது, ஆண்டின் பெரும்பாலான நாள்களில் தரையில் விழுந்து வணங்காதவர்கள் அன்று நெற்றி தரையில் படும்படி விழுகிறார்கள்.

சில சமூகங்களில் நோன்புக்கு முன் ஒரு கோழியைத் தலைக்குமேல் சுற்றி, அதை ஏழைகளுக்கு உணவாகத் தரும் 'கப்பாரோத்' என்ற வழக்கம் இருக்கிறது. 16ஆம் நூற்றாண்டின் சட்ட அறிஞர் யோசேப்பு கரோ இதை நிறுத்த வேண்டும் என்றார். அதே காலத்தவரான மோசே இசர்லஸ் இது பழைய வழக்கம் என்று காத்தார். இன்று பலர் கோழிக்குப் பதிலாகப் பணத்தைச் சுற்றித் தர்மம் செய்துவிடுகிறார்கள். எனக்கும் அதுவே சரியாகப் படுகிறது.

கேள்வி: ஆண்டு முழுவதும் பிறருக்குத் தீங்கு செய்துவிட்டு ஒரு நாள் பட்டினி கிடந்தால் எல்லாம் மன்னிக்கப்பட்டுவிடுமா? இது மிகவும் வசதியான ஏற்பாடாகத் தோன்றுகிறதே!

பதில்: இந்தப் பகுதிக்கு வந்த கேள்விகளிலேயே கூர்மையானது இதுதான், இதே சந்தேகத்தை 1,800 ஆண்டுகளுக்கு முன்பே மிஷ்னா தன்னிடமே கேட்டுக்கொண்டு பதிலும் எழுதிவிட்டது. 'பாவம் செய்வேன், யோம் கிப்பூர் அதைத் தீர்த்துவிடும்' என்று சொல்பவனுக்கு யோம் கிப்பூர் எதையும் தீர்ப்பதில்லை. அடுத்த வரி இன்னும் கடுமையானது: மனிதனுக்கும் இறைவனுக்கும் இடையிலான பாவங்களை யோம் கிப்பூர் நீக்கும், மனிதனுக்கும் சக மனிதனுக்கும் இடையிலான பாவங்களை, பாதிக்கப்பட்டவரைச் சமாதானப்படுத்தாத வரையில் அது நீக்காது. அதாவது இறைவன் தமக்குச் செய்யப்பட்ட குற்றத்தை மன்னிப்பாரே ஒழிய, அடுத்த வீட்டுக்காரருக்குச் செய்யப்பட்ட குற்றத்தை அவர் சார்பாக மன்னிக்கும் உரிமையைத் தமக்கு எடுத்துக்கொள்வதில்லை. ஆகவே நோன்பின் கடினமான பகுதி பட்டினி நாளில் இல்லை. அதற்கு முந்தைய நாள்களில், யாருடைய வாசலில் போய் நிற்க வேண்டுமோ அந்த வாசலில் இருக்கிறது.

12ஆம் நூற்றாண்டில் எகிப்தில் வாழ்ந்த யூதச் சட்ட அறிஞர் மைமோனிதஸ் இதற்கு நடைமுறை வகுத்தார். திருடியதைத் திருப்பிக் கொடுத்தாலும், அடித்ததற்கு ஈடு கட்டினாலும், அதோடு நின்றுவிடக் கூடாது. நேரில் போய் மன்னிப்புக் கேட்க வேண்டும். அவர் மறுத்தால் அவருடைய நண்பர்கள் மூவரை உடன் அழைத்துக்கொண்டு போக வேண்டும். அப்படி மூன்று முறை. அதற்கும் அவர் இணங்கவில்லை என்றால் விட்டுவிடலாம், அப்போது மன்னிக்காதவரே குற்றவாளி. பாதிக்கப்பட்டவர் தம் ஆசிரியர் என்றால் ஆயிரம் முறையும் போக வேண்டும். அவர் இறந்துவிட்டால் பத்துப் பேரைக் கல்லறைக்கு அழைத்துச் சென்று, 'இறைவனுக்கும் இவருக்கும் எதிராகப் பாவம் செய்தேன்' என்று இன்ன குற்றம் எனக் குறிப்பிட்டுச் சொல்ல வேண்டும். மனந்திரும்புதல் நிறைவானதா என்பதற்கும் அவர் ஓர் உரைகல் தருகிறார்: அதே குற்றத்தைச் செய்ய அதே வாய்ப்பும் அதே வலிமையும் மீண்டும் கிடைத்தும், அச்சத்தினாலோ இயலாமையினாலோ அல்லாமல் மனம் மாறியதாலேயே செய்யாதிருப்பவரே மனந்திரும்பியவர்.

விதி தெளிவாக இருக்கிறது. மனிதர்கள் அவ்வளவு தெளிவாக இல்லை என்பதைத் தல்மூத் தன் கதைகளில் காட்டுகிறது. ரவ் என்று அழைக்கப்பட்ட அறிஞருக்கு ஒரு கசாப்புக்காரர் தீங்கு செய்திருந்தார். அவர் மன்னிப்புக் கேட்க வரவில்லை. யோம் கிப்பூருக்கு முந்தைய நாள், 'நானே போய் அவரைச் சமாதானப்படுத்துகிறேன்' என்று ரவ் கிளம்பினார். வழியில் கண்ட அவருடைய மாணவர் ரவ் ஹூனா, 'ஒரு மனிதனைக் கொல்லப் போகிறார்' என்று தமக்குள் சொல்லிக்கொண்டார். ரவ் போய் நின்றபோது கசாப்புக்காரர் ஒரு தலையை வெட்டிப் பிளந்துகொண்டிருந்தார். நிமிர்ந்து பார்த்து, 'நீயா? போய்விடு, உன்னோடு எனக்கு ஒரு பேச்சும் இல்லை' என்றார். வெட்டிய வேகத்தில் ஓர் எலும்புத் துண்டு தெறித்து அவர் தொண்டையில் பாய, அவர் இறந்துபோனார்.

இந்தக் கதையைக் கசாப்புக்காரருக்குக் கிடைத்த தண்டனை என்று வாசிப்பது எளிது. நான் அப்படி வாசிப்பதில்லை. மாணவர் முன்கூட்டியே அஞ்சியது எதை? தீங்கு இழைக்கப்பட்டவர், தீங்கு செய்தவரின் வாசலில் போய் நிற்பதில் பணிவும் இருக்கலாம், அழுத்தமும் இருக்கலாம் என்பதைத்தான். அதே பக்கத்தில் தல்மூத் ரபி ஜெய்ராவைக் காட்டுகிறது. அவர் தமக்குத் தீங்கு செய்தவரின் கண்ணில் படும்படி தற்செயலாக நடப்பவர்போலத் திரும்பத் திரும்பக் கடந்து செல்வாராம். அந்த ஆள் தானாக வந்து பேசுவதற்கு ஒரு வழி திறந்துவைப்பாராம். இருவரும் செய்ய நினைத்தது ஒன்றே. ஒருவர் கதவைத் தட்டினார். மற்றவர் தெருவில் நடந்தார்.

அந்த ரவ் தாமே குற்றம் செய்தவராக நிற்கும் கதையும் உண்டு. ஆசிரியர் முன் அவர் பாடம் ஓதிக்கொண்டிருக்கையில் பெரியவர் ஒருவர் உள்ளே வந்தார். மரியாதைக்காக முதலிலிருந்து தொடங்கினார். அடுத்தவர் வந்தார், மீண்டும் தொடங்கினார். மூன்றாமவர் வந்தார், மீண்டும். நான்காவதாக ரபி ஹனினா வந்தபோது, 'எத்தனை முறைதான் திரும்புவது?' என்று தொடர்ந்து ஓதிவிட்டார். ஹனினாவின் மனம் புண்பட்டது. ரவ் பதின்மூன்று ஆண்டுகள், ஒவ்வொரு யோம் கிப்பூருக்கும் முந்தைய நாள் போய் மன்னிப்புக் கேட்டார், ஹனினா இணங்கவேயில்லை. மூன்று முறை போதுமே என்று தல்மூத் தானே கேட்டு, 'ரவ் வேறு மாதிரி' என்று மட்டும் பதில் சொல்கிறது. எவ்வளவு அற்பமான குற்றம், எத்தனை நீண்ட கோபம்! இருவரும் மாபெரும் அறிஞர்கள் என்பதை நினைத்தால் ஒருவகையில் ஆறுதலாகவும் இருக்கிறது.

இன்னொரு சிக்கலும் உண்டு. ஒருவரைப் பற்றிப் புறம் பேசிவிட்டோம். அவருக்கு அது தெரியாது. மன்னிப்புக் கேட்கப் போனால் அவருக்குப் புதிதாக ஒரு வலியைக் கொடுத்ததாகாதா? புறங்கூறுதல் குறித்த சட்டங்களைத் தொகுத்த ஹாபெஸ் ஹாயிம், சொல்லித்தான் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்றார். முன்னர்க் குறிப்பிட்ட இஸ்ரேல் சலாந்தர் இதற்கு உடன்படவில்லை என்றும், தன் மனச்சுமையை இறக்குவதற்காகப் பிறர் மனத்தைப் புண்படுத்த யாருக்கும் உரிமையில்லை என்று கருதினார் என்றும் சொல்லப்படுகிறது. எனக்குச் சலாந்தர் பக்கமே சாய்வு. அதே காரணத்தால், 'தெரிந்தோ தெரியாமலோ உங்களைப் புண்படுத்தியிருந்தால் மன்னிக்கவும்' என்று கைபேசியிலுள்ள எல்லா எண்களுக்கும் ஒரே செய்தியை அனுப்பிவிடும் இன்றைய பழக்கத்தையும் என்னால் ஏற்க முடியவில்லை. மைமோனிதஸ் கல்லறையிலும்கூடக் குற்றத்தைக் குறிப்பிட்டுச் சொல்லச் சொன்னார். இவர்களோ உயிருள்ளவர்களிடமே குறிப்பிடாமல் தப்பிக்கிறார்கள்.

கேள்வி: அன்றிரவு ஓதப்படும் 'கோல் நித்ரே' யூதர்களின் எல்லாச் சத்தியங்களையும் ரத்து செய்துவிடுகிறதாமே. அப்படியானால் அவர்களுடைய வாக்குறுதிக்கு என்ன மதிப்பு?

பதில்: இது இடைக்கால ஐரோப்பாவில் யூதர்களுக்கு எதிராகச் சொல்லப்பட்ட பழைய குற்றச்சாட்டு, இன்றும் வலம் வருவதால் நேராகவே பதில் சொல்கிறேன். 'கோல் நித்ரே' என்றால் அரமேய மொழியில் 'எல்லா நேர்ச்சைகளும்'. ஒருவர் தனக்கும் இறைவனுக்கும் இடையில் தானே கட்டிக்கொண்டு நிறைவேற்ற முடியாமல் போன நேர்ச்சைகளை மட்டுமே அது குறிக்கிறது. இன்னொருவருக்குக் கொடுத்த வாக்கையோ, நீதிமன்றத்தில் செய்த சத்தியத்தையோ, கடன் பத்திரத்தையோ அது தொடுவதில்லை. சென்ற கேள்விக்குச் சொன்ன விதியை நினைத்துப் பார்த்தால் வேறு மாதிரி இருக்கவும் முடியாது.

இந்த ஓதலை எதிர்த்தவர்கள் முதலில் யூத அறிஞர்களே. 9ஆம் நூற்றாண்டில் பாபிலோனியக் கல்விக்கூடத் தலைவர்கள் இதை மூட வழக்கம் என்றார்கள். 12ஆம் நூற்றாண்டில் பிரான்சின் ரபேனு தாம், கழிந்த ஆண்டின் நேர்ச்சைகளைக் குறித்த வாசகத்தை வரும் ஆண்டைக் குறிப்பதாக மாற்றினார். 1844இல் ஜெர்மனியின் பிரவுன்ஷ்வைக் நகரில் கூடிய சீர்திருத்த ரபிகள் இதை விட்டுவிடலாம் என்றே தீர்மானித்தார்கள். ஆனாலும் மக்கள் விடவில்லை. சட்ட ஆவணம்போல வறட்டுத்தனமாக இருக்கும் அந்தச் சொற்களை, தோராச் சுருள்களைக் கையிலேந்தி நிற்பவர்கள் நடுவில், மூன்று முறை, ஒவ்வொரு முறையும் குரலை உயர்த்தி ஓதும்போது எழும் இசை அப்படிப்பட்டது. அதற்கு முன்னதாக, 'வரம்பு மீறியவர்களோடு சேர்ந்து தொழ அனுமதிக்கிறோம்' என்று ஓர் அறிவிப்பும் செய்யப்படுகிறது. பாவிகளை வெளியே நிறுத்திவிட்டுப் பாவமன்னிப்புக் கேட்பதில் பொருளில்லை அல்லவா?

கேள்வி: நாள் முழுவதும் தொழுகைக்கூடத்தில் என்னதான் செய்வார்கள்?

பதில்: வழக்கமான நாளில் மூன்று தொழுகைகள், யோம் கிப்பூரில் ஐந்து. ஒவ்வொன்றிலும் பாவ அறிக்கை வரும். நாள் முழுவதிலுமாகப் பத்து முறை அது சொல்லப்படுகிறது. அதன் சிறு வடிவம் எபிரேய நெடுங்கணக்கின் முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்துவரை வரிசையாகச் செல்லும் குற்றப் பட்டியல். ஒவ்வொரு சொல்லுக்கும் நெஞ்சில் மெல்லக் குட்டிக்கொள்வார்கள். நீண்ட வடிவம் ஐரோப்பிய யூதர்களின் அஷ்கனாசி மரபில் 44 வரிகள் கொண்டது. அதில் கொலையும் கொள்ளையும் வரிசை கட்டி நிற்கவில்லை. நெஞ்சைக் கடினமாக்கிக்கொண்டது, புறம் பேசியது, வட்டி வாங்கியது, பெற்றோரையும் ஆசிரியரையும் மதியாதது, பிறரை ஏளனமாகப் பார்த்தது என்று அன்றாடக் குற்றங்களே நிறைந்திருக்கின்றன. எல்லாமே 'நாங்கள் பாவம் செய்தோம்' என்ற பன்மையில். தாம் செய்யாத குற்றத்தையும் ஒவ்வொருவரும் சொல்லியாக வேண்டும். செய்தவர் பக்கத்தில் நிற்பவராக இருக்கலாம், அவர் தனியாகக் குரல் கொடுக்க நேரக் கூடாது.

காலையில் ஏசாயாவின் 58ஆம் அதிகாரம் வாசிக்கப்படுகிறது. நாங்கள் நோன்பிருந்தும் ஏன் நீர் பார்க்கவில்லை என்று மக்கள் கேட்க, நீங்கள் நோன்பு நாளிலும் உங்கள் வேலையாள்களை ஒடுக்குகிறீர்கள், பசித்தவனோடு உணவைப் பகிர்வதும் ஆடையில்லாதவனை உடுத்துவதுமே நான் விரும்பும் நோன்பு என்று இறைவன் பதில் சொல்லும் பகுதி அது. பட்டினியால் தலை சுற்றத் தொடங்கும் நேரத்தில், பட்டினியை எள்ளும் வாசகத்தை அந்தக் கூட்டத்துக்கே படித்துக் காட்டும்படி ஏற்பாடு செய்தவர் யாரோ, அவர் பெரிய துணிச்சல்காரர். பிற்பகலில் யோனாவின் கதை; மனந்திரும்பிய நினிவே நகரை இறைவன் மன்னித்துவிட்டாரே என்று கோபித்துக்கொண்ட தீர்க்கதரிசியின் கதை.

கடைசித் தொழுகைக்குப் பெயர் 'நெயிலா', அதாவது வாயில் அடைத்தல். பொழுது சாயச் சாயக் குரல்கள் வேகமெடுக்கும். முடிவில் 'ஆண்டவரே கடவுள்' என்ற அறிக்கையை ஏழு முறை உரக்கச் சொல்லி, ஷோபர் என்ற கொம்பு நீளமாக ஊதப்படும்.

கேள்வி: இஸ்ரேலில் அன்று நாடே நின்றுவிடும் என்கிறார்கள். 1973 போருக்கு இந்த நாளின் பெயர் வந்தது எப்படி?

பதில்: கடைகளும் அலுவலகங்களும் மூடியிருக்கும், வானொலியும் தொலைக்காட்சியும் ஓய்ந்துவிடும், பென் குரியன் விமான நிலையத்தில் விமானங்கள் இறங்கா, ஏறா. வண்டி ஓட்டத் தடைச் சட்டம் கிடையாது. ஆனாலும் அவசர ஊர்திகளைத் தவிர யாரும் ஓட்டுவதில்லை. வெறிச்சோடிய நெடுஞ்சாலைகளில் பிள்ளைகள் மிதிவண்டி ஓட்டுவார்கள். சமயப் பற்றில்லாத குடும்பங்களுக்கு அது மிதிவண்டித் திருநாளாகவே மாறிவிட்டது. வாகனப் புகை அன்று எவ்வளவு குறைகிறது என்பதை ஆண்டுதோறும் அளந்து வெளியிடுகிறார்கள்.

1973 அக்டோபர் 6ஆம் தேதி பிற்பகல் இரண்டு மணியளவில், இந்த நிசப்தத்தின் நடுவில்தான் எகிப்தும் சிரியாவும் ஒரே நேரத்தில் தாக்கின. ஓய்ந்திருந்த வானொலி திடீரென்று உயிர்பெற்று, படைப்பிரிவுகளைக் குறிச்சொற்களால் அழைத்தது. வழிபாட்டுச் சால்வையோடு நின்றவர்கள் தொழுகைக்கூடங்களிலிருந்தே புறப்பட்டார்கள். எல்லாரும் வீட்டிலோ தொழுகைக்கூடத்திலோ இருந்ததும் சாலைகள் காலியாக இருந்ததும் படை திரட்டலை எளிதாக்கின என்பது விந்தையான உண்மை. 2,600க்கும் மேற்பட்ட இஸ்ரேலிய வீரர்கள் மாண்டார்கள். எகிப்து, சிரியா தரப்பில் உயிரிழப்பு அதைவிடப் பன்மடங்கு அதிகம். முன்னெச்சரிக்கைத் தவறுகளை அக்ரநாத் ஆணையம் விசாரித்தது. 1974இல் பிரதமர் கோல்டா மேயர் பதவி விலகினார். அரபு நாடுகளில் அதே போரை அக்டோபர் போர் என்றும் ரமலான் போர் என்றும் அழைக்கிறார்கள். அன்று திஷ்ரி 10. இஸ்லாமிய நாள்காட்டியில் ரமலான் 10. இரண்டுமே பிறையைப் பின்பற்றும் மாதங்கள் என்பதால் தேதி ஒன்றாக நேர்ந்தது. இரு தரப்பிலும் அது நோன்பு நாள்.

கேள்வி: இவ்வளவு கடுமையான நாளில் யூத நண்பருக்கு வாழ்த்துச் சொல்வது பொருத்தமா? இது துக்க நாள்தானே?

பதில்: துக்க நாள் அல்ல. ஆலயங்கள் அழிந்ததற்காகத் துக்கம் காக்கும் 25 மணி நேர நோன்பு வேறு. அது ஆவ் மாதத்தின் ஒன்பதாம் நாள். யோம் கிப்பூர் திருநாள்களில் ஒன்று. பொற்கன்றை வணங்கிய மக்கள் மன்னிக்கப்பட்டு, மோசே இரண்டாம் முறை கற்பலகைகளோடு மலையிலிருந்து இறங்கியது இந்த நாளில் என்பது மரபு. 'கெமார் ஹத்திமா தோவா' என்று வாழ்த்தலாம். புத்தாண்டில் எழுதப்பட்ட தீர்ப்பு இந்த நாளில் முத்திரையிடப்படுகிறது என்ற நம்பிக்கையின்படி, 'உங்களுக்கு நல்ல முத்திரை இடப்படட்டும்' என்று பொருள். 'நோன்பு இலகுவாக அமையட்டும்' என்றாலும் போதும்.

இஸ்ரவேலருக்கு ஆவ் மாதத்தின் பதினைந்தாம் நாளையும் யோம் கிப்பூரையும்போல மகிழ்ச்சியான நாள்கள் இருந்ததில்லை என்று ரபான் சிமியோன் பென் கமாலியேல் சொன்னதாக மிஷ்னா பதிவு செய்கிறது. அந்த நாள்களில் எருசலேமின் இளம்பெண்கள் வெள்ளை ஆடை உடுத்தித் திராட்சைத் தோட்டங்களில் ஆடுவார்களாம். எல்லாருமே இரவல் ஆடைதான் உடுத்துவார்கள். சொந்தமாக வைத்திருப்பவளும் இன்னொருத்தியிடம் வாங்கித்தான் உடுத்த வேண்டும், ஆடை இல்லாதவள் வெட்கப்படக் கூடாது என்பதற்காக.

இன்றும் நோன்பு முடிந்த இரவில் அழுகை எதுவும் கேட்காது. அடுத்த ஐந்தாம் நாள் கூடாரப் பண்டிகையான சுக்கோத். அதற்கான குடிலின் வேலையை அன்றிரவே தொடங்கிவிடுவது வழக்கம். பலர் வாய்க்கு ஏதோ கொஞ்சம் போட்டுக்கொண்ட கையோடு சுத்தியலைத் தேடுவார்கள்.